சாக்குச் சட்டையிலிருந்து சதகோடி டாலர் வரை: பாதை போட்டது யார்?

கூலி கேட்டு வரும் தொழிலாளிக்குக் கூலி கொடுக்க மனமில்லாதபோது முதலாளி கதை கொடுப்பான். இது பழைய வழக்கம். நம் பாட்டன் காலத்தில் அது தலைவிதிக் கதை. "போன ஜன்மத்துப் பாவம், இந்த ஜன்மத்தில் அனுபவிக்கிறாய்" என்றார்கள். நம் தகப்பன் காலத்தில் அது விசுவாசக் கதை. "எஜமான் நன்றாயிருந்தால்தானே நீ நன்றாயிருப்பாய்" என்றார்கள். இரண்டும் இப்போது செல்லாக் காசாகி விட்டன. ஆகவே புதுக் கதை ஒன்று புறப்பட்டிருக்கிறது: "முயன்றால் நீயும் முதலாளிதான்!"

ஷிப்டு முடிந்து கை கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும் தொழிலாளர்களைக் காண்டீனில் உட்கார வைத்து, கோட்டும் டையும் கட்டிய ஒருவரைக் கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். அவர் பெயர் சுயமுன்னேற்றப் பேச்சாளர். பஞ்சப்படி பற்றி அவர் பேச மாட்டார்; வேலைப் பளு பற்றிப் பேச மாட்டார்; காண்டிராக்ட் தொழிலாளியை நிரந்தரமாக்குவது பற்றி மூச்சு விட மாட்டார். எங்கோ ஏழையாய்ப் பிறந்து எப்படியோ கோடீஸ்வரர் ஆனவர்களின் ஜாபிதா ஒன்றை வாசிப்பார். அந்த ஜாபிதாவில் தவறாமல் வரும் பெயர் ஓப்ரா வின்பிரே. அமெரிக்க டெலிவிஷனில் பேட்டி நிகழ்ச்சி நடத்தியவர். பிறகு அந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளரானவர். பிறகு ஸ்டூடியோ, பத்திரிகை, டெலிவிஷன் சானல், கம்பெனி ஷேர் என்று கை நீட்டிய இடமெல்லாம் பொருள் குவித்தவர். 2003-ல் போர்ப்ஸ் என்ற முதலாளிகளின் பத்திரிகை அவரை நூறு கோடி டாலருக்கு அதிபதியான முதல் கறுப்பினப் பெண்மணி என்று ஏட்டில் ஏற்றியது. இன்றைக்கு அந்தத் தொகை கிட்டத்தட்ட மூன்று மடங்காகியிருக்கிறது.

தோழர்களே, இந்தக் கதையை நாமும் சொல்லப் போகிறோம். ஆனால் முழுக்கச் சொல்லப் போகிறோம். பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குவது அவர்கள் தொழில்.

1954 ஜனவரி 29-ல் மிசிசிப்பி மாநிலத்தில் கோசியஸ்கோ என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். மிசிசிப்பி என்றால் பருத்திக் காடு. கறுப்பின மக்களின் முதுகுத் தோலை உரித்துப் பருத்தி விளைவித்த பூமி. அடிமை முறை சட்டத்தில் ஒழிந்த பின்னும், வாரத்துக்கு உழுது, ஆயுள் முழுவதும் கடன் கணக்கில் உழன்ற பண்ணையாட்களின் பூமி. அந்தக் குழந்தை பாட்டியின் சிறு பண்ணையில் வளர்ந்தது. துணி வாங்க வழியில்லாமல் பாட்டி உருளைக்கிழங்குச் சாக்கில் சட்டை தைத்துப் போட்டாள். தாய் வடக்கே மில்வாக்கி நகரத்தில் பிறர் வீட்டு வேலைக்குப் போனவள். சிறு வயதில் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளைப் பிற்காலத்தில் அவரே துணிந்து பகிரங்கமாகச் சொன்னார்.

இதைக் கேட்டுப் பரிகசிக்கிறவன் மனிதனல்ல. பண்ணையாள் குடிசையில் பிறந்தவர்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் எத்தனையோ பேர். அந்தச் சாக்குச் சட்டையின் உறுத்தல் நமக்குத் தெரியும். ஒரு கறுப்பினப் பெண் வாய் திறந்து பேசினாள், கோடிக்கணக்கான வெள்ளையரும் கேட்டார்கள் என்பது சாதாரண சாதனையல்ல. அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. நம் வழக்கு வேறு. "அவர் தன் மன உறுதி ஒன்றாலேயே மேலே வந்தார், உன்னால் முடியவில்லையென்றால் குறை உன்னிடம்தான்" என்கிறார்களே, அந்தப் பித்தலாட்டத்தின் மேல்தான் நம் வழக்கு. அந்தப் பித்தலாட்டத்துக்கு அம்மையாரும் ஒரு பெரிய பங்குதாரர் என்பதால் அவரையும் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

அவர் ஏறிய ஏணியின் படிகளைப் பார்ப்போம்.

முதல் படி, பள்ளிக்கூடம். மில்வாக்கியில் ஏழைப் பிள்ளையாயிருந்த அவரை நல்ல வசதியுள்ள பள்ளிக்கு அனுப்பியது "அப்வர்ட் பவுண்ட்" என்ற சர்க்கார் திட்டம். 1960-களில் கறுப்பின மக்களின் எழுச்சியைக் கண்டு நடுங்கிய அமெரிக்க சர்க்கார், வறுமை ஒழிப்பு என்ற பெயரில் கொண்டு வந்த திட்டங்களில் அது ஒன்று. ஜனங்களின் வரிப்பணம். பிறகு அவர் படித்தது நாஷ்வில் நகரத்தில் டென்னசி மாநிலக் கல்லூரி. கறுப்பின மாணவர்களுக்காக ஏற்பட்ட சர்க்கார் கல்லூரி அது. 1960 பிப்ரவரியில் நாஷ்வில் கடைகளில், "கறுப்பனுக்கு இங்கே இடமில்லை" என்ற சாப்பாட்டு மேஜைகளில், மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். மேலே எச்சில் துப்பினார்கள், சிகரெட்டால் சுட்டார்கள், போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். எழுந்தவர்களின் இடத்தில் அடுத்த வரிசை வந்து உட்கார்ந்தது. அந்த மாணவர்களில் இந்தக் கல்லூரியின் பிள்ளைகளும் உண்டு.

இரண்டாவது படி, டெலிவிஷன் நிலையத்தின் கதவு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சுயமுன்னேற்றக்காரர்கள் இந்த இடத்தில்தான் வேகமாக ஓடுகிறார்கள்.

அம்மையார் பிறந்த அதே மிசிசிப்பியின் தலைநகரம் ஜாக்சன். அங்கே டபிள்யூ.எல்.பி.டி. என்று ஒரு டெலிவிஷன் நிலையம். அதன் முதலாளிகள் வெள்ளை வெறியர்கள். கறுப்பினத் தலைவர் யாராவது திரையில் தோன்றினால் "தந்திக் கோளாறு, மன்னிக்கவும்" என்று அட்டையைக் காட்டுவார்கள்! ஊரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் கறுப்பினத்தவர். திரையில் அவர்களுக்கு முகமில்லை. 1964-ல் அந்த ஊர்க் கறுப்பின மக்களின் தலைவர்களும் ஒரு கிறிஸ்துவ சபையும் சேர்ந்து, "இந்த நிலையத்துக்கு லைசென்ஸைப் புதுப்பிக்காதே" என்று மனுப் போட்டார்கள். "டெலிவிஷன் பார்க்கிறவனுக்கு லைசென்ஸ் விஷயத்தில் பேச என்ன பாத்தியதை?" என்று சர்க்கார் கமிஷன் விரட்டியது. அவர்கள் விடவில்லை. 1966-ல் மேல்கோர்ட்டு, பார்க்கிற ஜனங்களுக்கும் பாத்தியதை உண்டு என்றது. 1969-ல் அந்த லைசென்ஸே செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அமெரிக்கா முழுவதும் டெலிவிஷன் முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. வேலைக்கு ஆள் எடுப்பதில் நிற பேதம் காட்டக்கூடாது என்ற விதியும் அதே 1969-ல் வந்தது.

அதற்கு முந்திய ஆண்டு, 1968-ல், அதே டென்னசி மாநிலத்தில் மெம்பிஸ் நகரில் நடந்ததை எந்தத் தொழிலாளியும் மறக்கலாகாது. குப்பை லாரியின் இயந்திரத்தில் சிக்கி இரண்டு துப்புரவுத் தொழிலாளிகள் நசுங்கிச் செத்தார்கள். 1,300 கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். "நான் மனிதன்" என்று எழுதிய அட்டையை மார்பில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அவர்களுக்குத் துணை நிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். பன்னிரண்டு நாள் கழித்து நகரசபை சங்கத்தை அங்கீகரித்தது.

இவ்வளவும் நடந்த பின்னர், 1970-களின் தொடக்கத்தில், நாஷ்வில் டெலிவிஷன் நிலையம் ஒன்று இருபது வயது நிறையாத கறுப்பினப் பெண் ஒருவரைச் செய்தி வாசிக்க எடுத்துக்கொண்டது. அவருக்குக் குரல் இருந்தது, சாதுரியம் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அவருடைய பாட்டிக்கும் குரல் இருந்திருக்கும். பாட்டி காலத்தில் கதவு பூட்டியிருந்தது. பூட்டை உடைத்தவர்கள் சாப்பாட்டு மேஜையில் அடி வாங்கிய மாணவர்கள். மனுப் போட்டு ஐந்து வருஷம் கோர்ட்டுப் படி ஏறியவர்கள். குப்பை வண்டி தள்ளியவர்கள். சுயமுன்னேற்ற ஜாபிதாவில் இவர்கள் பெயர் ஏன் இல்லை?

இனி அவர் எப்படி முதலாளியானார் என்பதைப் பார்ப்போம். 1976-ல் பால்டிமோர் நகரத்துக்குப் போனார். அங்கே செய்தி வாசிப்பதிலிருந்து இறக்கி விட்டார்கள். 1978-ல் ஒரு காலை நேரப் பேட்டி நிகழ்ச்சியில் போட்டார்கள், அது பிடித்துக்கொண்டது. 1984 ஜனவரியில் சிகாகோ. 1986 செப்டம்பர் 8 முதல் அவர் நிகழ்ச்சி அமெரிக்கா முழுவதும் ஓடியது. 2011 மே 25 வரை, இருபத்தைந்து வருஷம்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் என்ன? மில்லில் நூல் சரக்கு. கழனியில் நெல் சரக்கு. டெலிவிஷனில் நிகழ்ச்சிதான் சரக்கு என்று நாம் நினைக்கிறோம். அதுதான் இல்லை! அங்கே சரக்கு பார்க்கிற ஜனங்கள். இத்தனை லட்சம் பெண்கள் இன்ன நேரத்தில் இன்ன திரை முன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டு, அந்தத் தலைகளைச் சோப்புக் கம்பெனிக்கும் கார்க் கம்பெனிக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தலைக்கு இவ்வளவு என்று விற்கிறார்கள். அழுகையும் சிரிப்பும் பேட்டியும் தூண்டில் புழு.

சாதாரணமாக நிகழ்ச்சி நடத்துகிறவரும் கூலிக்காரரே. பெரிய கூலி, அவ்வளவுதான். தறியில் உட்கார்ந்தவனுக்குக் கூலி, பாவு கொடுத்தவனுக்கு லாபம் என்பதை நெசவாளித் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அம்மையாரும் அவருடைய வக்கீலும் இதைப் புரிந்துகொண்டார்கள். "ஹார்ப்போ" என்று ஒரு கம்பெனி. ஓப்ரா என்ற பெயரை இங்கிலீஷில் திருப்பி எழுதினால் ஹார்ப்போ. 1988-ல் நிகழ்ச்சியின் சொத்துரிமையையே ஏ.பி.சி. கம்பெனியிடமிருந்து கைக்கொண்டார். சிகாகோவில் சொந்த ஸ்டூடியோவும் வாங்கினார். நிகழ்ச்சியை ஊர் ஊராக விற்றுக் கொடுத்த கிங் வேர்ல்ட் கம்பெனியில் ஷேரும் பெற்றார். அந்தக் கம்பெனியை சி.பி.எஸ். 1999-ல் 250 கோடி டாலர் மதிப்புக்கு விழுங்க ஒப்பந்தம் போட்டது. ஆக, அவரைச் சதகோடி அதிபதியாக்கியது பேச்சல்ல. பேச்சாளர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். சொத்துரிமைதான் அவரை அதிபதியாக்கியது. காமிராவைப் பிடித்தவர், விளக்கைத் தூக்கியவர், விருந்தாளியைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தவர், எழுதியவர், வெட்டி ஒட்டியவர் என்று நூற்றுக்கணக்கானவர்களின் உழைப்பின் பலன் ஒருவர் பெயருக்குப் பாயும் வாய்க்கால் அந்தக் கம்பெனி.

அந்த ஊழியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1996-ல் மாட்டிறைச்சி நோய் பற்றி அம்மையாரின் நிகழ்ச்சியில் பேச்சு வந்தது. டெக்சாஸ் மாட்டுப் பண்ணை முதலாளிகள், எங்கள் வியாபாரம் விழுந்து விட்டது என்று அவர் மேல் கோடிக்கணக்கில் நஷ்ட ஈட்டு வழக்குத் தொடர்ந்தார்கள். அவர் பணிந்து போகவில்லை. பண்ணை முதலாளிகளின் கோட்டையான அமரில்லோ ஊருக்கே போய் வழக்காடி, 1998 பிப்ரவரியில் ஜெயித்தார். பேச்சுரிமை வென்றது என்றார்கள். நாமும் சபாஷ் சொல்வோம்! ஆனால் அதே அம்மையாரின் கம்பெனியில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும், அவரைப் பற்றியோ கம்பெனியைப் பற்றியோ வேலையை விட்ட பின்னும் வாய் திறக்க மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஆயுள் பூட்டு! தன் அனுபவத்தை எழுத விரும்பிய முன்னாள் ஊழியர் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். 1999-ல் இல்லினாய் மாநில மேல்கோர்ட்டு, அந்த ஒப்பந்தம் செல்லும் என்று கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது. மாட்டு முதலாளி பூட்ட வந்தால் அது பேச்சுரிமை. தன் ஊழியனுக்குத் தானே பூட்டினால் அது ஒப்பந்த உரிமை. முதலாளித்துவச் சட்டத்தின் அழகே அழகு!

இப்போது அந்தப் பிரசித்தி பெற்ற கார் விஷயத்துக்கு வருவோம். சுயமுன்னேற்றக்காரர்கள் கண்ணீர் மல்கச் சொல்லும் கட்டம் அது.

2004 செப்டம்பர் 13. அரங்கில் வந்து உட்கார்ந்திருந்த 276 பேருக்கும் ஆளுக்கொரு புதுக் கார். "உங்களுக்கும் கார், உங்களுக்கும் கார்" என்று அம்மையார் கை நீட்டிக் கத்துகிறார். ஜனங்கள் குதிக்கிறார்கள், கட்டிப்பிடித்து அழுகிறார்கள். காரில்லாமல் கஷ்டப்படுகிறவர்கள் என்று பார்த்துப் பொறுக்கி அழைத்து வந்த கூட்டம் அது. உலகமே கைதட்டியது. கர்ணன் பிறந்து விட்டான் என்றார்கள்.

கொடுத்தது யார்? அம்மையார் அல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி. பான்டியாக் ஜி-6 என்ற புது மாடல் காரைச் சந்தைக்குக் கொண்டு வந்திருந்தார்கள். ஒரு கார் சுமார் 28,000 டாலர். 276 காருக்கும் சுமார் 77 லட்சம் டாலர். அந்தச் செலவில் அமெரிக்காவின் ஒவ்வொரு பத்திரிகையிலும் டெலிவிஷனிலும் அந்தக் காரின் பெயர் பல நாள் அடிபட்டது. இதற்குத் தானம் என்று பெயரா, விளம்பரம் என்று பெயரா?

வாங்கியவர்கள் கதை அடுத்த நாள் தொடங்கியது. அமெரிக்கச் சட்டப்படி பரிசும் வருமானம். விற்பனை வரியையும் லைசென்ஸ் கட்டணத்தையும் கம்பெனி ஏற்றுக்கொண்டது. வருமான வரி வாங்கியவர் தலையில். அவரவர் வருமானத்தைப் பொறுத்து 7,000 டாலர் வரை வந்தது. அப்போது அமெரிக்க மத்திய சர்க்காரின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5 டாலர் 15 சென்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள் தோழர்களே. அந்தக் கூலிக்காரன் 7,000 டாலர் சம்பாதிக்க சுமார் 1,360 மணி நேரம் உழைக்க வேண்டும். வாரம் 40 மணி என்றால் 34 வாரம்! அந்தக் குறைந்தபட்சக் கூலியோ 1997-லிருந்து 2007 வரை பத்து வருஷம் ஒரு சென்ட் கூட உயரவில்லை. காரைக் கொடுத்த நாட்டில் கூலியைக் கொடுக்கவில்லை.

காரைச் செய்தவர்கள் என்ன ஆனார்கள்? இதை எந்த ஊக்கப் பேச்சிலும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அந்தக் காரைப் பூட்டியது மிச்சிகன் மாநிலத்தில் ஓரியன் என்ற இடத்திலுள்ள தொழிற்சாலை. கார் கொடுத்த அடுத்த வருஷம், 2005 நவம்பரில், ஜெனரல் மோட்டார்ஸ் 30,000 பேரை ஆட்குறைப்புச் செய்யப் போவதாக அறிவித்தது. 2007 ஒப்பந்தத்தில் புதிதாகச் சேரும் தொழிலாளிக்கு ஏறக்குறையப் பாதிக் கூலி என்று எழுதினார்கள். பழையவனுக்கு மணிக்கு 28 டாலர் என்றால் பக்கத்தில் நின்று அதே வேலை செய்யும் புதியவனுக்கு 14 டாலர். 2009 ஏப்ரலில் பான்டியாக் என்ற காரையே மூடி விடுகிறோம் என்றார்கள். 2009 ஜூன் 1-ல் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. சர்க்கார் கஜானாவிலிருந்து சுமார் 5,000 கோடி டாலர் அதற்குப் போயிற்று. ஓரியன் தொழிற்சாலையை நிறுத்திவிட்டு, மறுபடி திறக்க வேண்டுமானால் நூற்றுக்கு நாற்பது பேர் குறைந்த கூலி அடுக்கில் வேலை செய்ய வேண்டும் என்று 2010-ல் நிபந்தனை போட்டார்கள். சங்கத் தலைமை அதற்குத் தலையாட்டியது. கொதித்துப் போன தொழிலாளர்கள் தங்கள் சங்கத் தலைமையகத்தின் முன்பே மறியல் செய்தார்கள்.

இதே ஜெனரல் மோட்டார்ஸில்தான், பிளின்ட் நகரத்தில், 1936 டிசம்பர் 30 முதல் 44 நாள் தொழிலாளர்கள் இயந்திரங்களின் பக்கத்திலேயே உட்கார்ந்து போராடிச் சங்கத்தை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அந்தப் போராட்டத்தின் பிறகுதான் கார்த் தொழிலாளி சொந்தமாகக் கார் வாங்கும் நிலைக்கு வந்தான். 276 பேரல்ல, லட்சக்கணக்கானவர்கள். எவரும் மேடையில் நின்று கத்தவில்லை.

இன்னொன்றையும் சொல்லி விடுகிறோம். 1994-ல் அம்மையார், சிகாகோவின் சேரி வீடுகளிலிருந்து 100 குடும்பங்களைக் கைதூக்கி விடுகிறேன் என்று ஒரு திட்டம் அறிவித்தார். எப்படி? வேலை கொடுத்தா, வீடு கட்டியா? முதலில் அவர்கள் மனப்பான்மையை மாற்ற வகுப்பு! 1996-ல் திட்டம் மூச்சு நின்றபோது வகுப்பை முடித்து வெளியே வந்தவை ஐந்தே குடும்பங்கள். அவருடைய நோக்கத்தைச் சந்தேகிக்க வேண்டாம், பணமும் செலவழித்தார். ஆனால் இரும்பாலைகளும் இறைச்சித் தொழிற்சாலைகளும் மூடி வேலை ஒழிந்த நகரத்தில் மனப்பான்மை என்ன செய்யும்? அதே 1996 ஆகஸ்டில்தான் ஜனாதிபதி கிளிண்டன், ஏழைத் தாய்மார்களுக்கு அறுபது வருஷமாக இருந்து வந்த சர்க்கார் உதவியின் உத்தரவாதத்தை ஒழித்த சட்டத்தில் கையெழுத்திட்டார். உதவியை வெட்டுகிறவனுக்கு "குறை ஏழையின் மனசில்தான் இருக்கிறது" என்ற பேச்சு எவ்வளவு வசதி!

அந்தப் பேச்சு 2007 பிப்ரவரியில் உச்சத்துக்குப் போயிற்று. "ரகசியம்" என்று பெயரிட்ட ஒரு புத்தகத்தையும் படத்தையும் அம்மையார் தம் நிகழ்ச்சியில் தூக்கிப் பிடித்தார். மனசில் செல்வத்தை நினைத்தால் செல்வம் இழுபட்டு வரும் என்பது அதன் சாரம். அடுத்த வருஷம் அமெரிக்க பாங்குகள் கவிழ்ந்தன. லட்சோபலட்சம் குடும்பங்கள் வீடிழந்தன. அவர்களெல்லாம் தரித்திரத்தை நினைத்தார்களா? பாங்கு முதலாளிகள் மட்டும் சரியாக நினைத்தார்களா? நம் ஊரில் விபூதி மந்திரித்துக் கொடுக்கிறவர் எட்டணாவோடு விட்டு விடுவார். இவர்களோ சானல் நடத்துகிறார்கள்.

2015 அக்டோபரில் நடந்ததோ தனி வேடிக்கை. உடல் எடை குறைக்கும் வழி சொல்லும் "வெயிட் வாச்சர்ஸ்" கம்பெனியில் நூற்றுக்குப் பத்துப் பங்கை அம்மையார் சுமார் 4 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கி டைரக்டர் சபையில் உட்கார்ந்தார். அன்றே ஷேர் விலை இரு மடங்காயிற்று! ஒரு மூட்டை நெல் கூடுதலாக விளையவில்லை. ஒரு கஜம் துணி கூடுதலாக நெய்யப்படவில்லை. ஒரு பெயர் ஒட்டியது, கோடி முளைத்தது. 2020 மே மாதம், கொரோனா காலத்தில், அந்தக் கம்பெனி ஏராளமான ஊழியர்களைக் கூட்டமாக டெலிபோன் திரையில் கூப்பிட்டுச் சில நிமிஷத்தில் வேலையிலிருந்து நீக்கியது. 2023 டிசம்பரில் அம்மையார், தாம் எடை குறைய மருந்தும் உட்கொள்வதாகச் சொன்னார். 2024-ல் டைரக்டர் சபையை விட்டு விலகித் தம் ஷேர்களை ஒரு மியூசியத்துக்குக் கொடுத்தார். 2025 மே மாதம் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. உணவில் மன அடக்கம் வேண்டும் என்று அங்கே சந்தா கட்டி உபதேசம் கேட்டவர்கள் பெரும்பாலும் உழைக்கும் பெண்கள்.

நம் தேசத்துக்கும் அவர் வந்தார், 2012 ஜனவரியில். மும்பைக் குடிசைப் பகுதியில் ஒரு குடும்பத்தின் சிறு அறைக்குள் காமிராவோடு போனார். நிகழ்ச்சி வெளியானபோது, இந்தியாவில் சிலர் இன்னும் கையால் சாப்பிடுகிறார்களாமே என்று அவர் ஒரு வீட்டில் கேட்டது பெரிய கூச்சலைக் கிளப்பியது. அந்தக் கூச்சலில் நமக்கு அவ்வளவு அக்கறையில்லை. கையால் சாப்பிடுவது நமக்கு வெட்கமல்ல. கையில் சாப்பாடு இல்லாததுதான் வெட்கம். 1982-ல் அந்த மும்பையில் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு மில்கள் மூடின, மில் நிலத்தில் மாடமாளிகைகளும் கடைத்தெருக்களும் எழுந்தன, மில் தொழிலாளியின் பிள்ளைகள் வேலை தேடித் தெருவுக்கு வந்தார்கள். அழுகையை விலைக்கு வாங்குகிற நிகழ்ச்சிகளில் இதற்கெல்லாம் நேரம் ஒதுக்க மாட்டார்கள். இதைக் கேட்டால் ஜனங்களுக்கு அழுகை வராது, கோபம் வரும்.

கடைசியாக, சிகாகோ ஸ்டூடியோ இருந்த இடத்தைப் பற்றி. அது முன்பு பட்டாளத்தின் ஆயுதக் கிடங்கு. 1915 ஜூலை 24-ல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனித் தொழிலாளர்கள் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போகக் கப்பலேறினார்கள். ஈஸ்ட்லாந்து என்ற அந்தக் கப்பல் கரையை விட்டு நகருமுன்பே ஆற்றில் கவிழ்ந்தது. 844 பேர் மாண்டார்கள். சடலங்களை வரிசையாகக் கிடத்தி அடையாளம் காட்டியது அந்தக் கட்டடத்தில்தான். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் ராண்டால்ப் தெருவில் இருக்கிறது ஹேமார்க்கெட். எட்டு மணி நேர வேலை கேட்ட தொழிலாளர் கூட்டம் 1886 மே 4-ல் அங்கே ரத்தத்தில் முடிந்தது. 1887 நவம்பர் 11-ல் பார்சன்ஸ், ஸ்பைஸ், பிஷர், எங்கல் என்ற நால்வரைத் தூக்கிலிட்டார்கள். 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் முதன்முதல் மே தினக் கொடி ஏற்றியது அந்தத் தியாகிகளின் நினைவில்தான்.

அம்மையார் 2014-ல் அந்த ஸ்டூடியோவை 3 கோடியே 5 லட்சம் டாலருக்கு விற்றார். புதிதாக வாங்கியவர்கள் அதை இடித்து விட்டுப் பெரிய மாளிகை கட்டினார்கள். 2018-ல் அங்கே குடியேறியது மெக்டொனால்ட்ஸ் சாப்பாட்டுக் கம்பெனியின் தலைமையகம். அந்தக் கம்பெனிக் கடைகளில் ரொட்டி சுடும் தொழிலாளர்கள் 2012 நவம்பரில் நியூயார்க்கில் தொடங்கி ஊர் ஊராக வேலைநிறுத்தம் செய்தவர்கள். 2014 மே மாதம் சிகாகோவுக்குப் பக்கத்திலிருந்த பழைய தலைமையகத்தின் வாசலில் உட்கார்ந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். அவர்கள் கேட்டது இரண்டே: மணிக்கு 15 டாலர், சங்கம் வைக்கும் உரிமை. சங்க உரிமை இன்னும் வரவில்லை. 15 டாலர், 21 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனங்களில், 2021 ஜூலை 1 முதல் சிகாகோ நகரின் சட்டமாயிற்று.